ஒரே ஏரி, மூன்று டாஷ்போர்டு: எதை வைத்து அளப்பது?

ஒரு டாஷ்போர்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், எங்கள் துறையில் உடனே வரும் பதில் கூகுளின் ‘ஹார்ட்’. கெர்ரி ராடனும் உடன் பணியாற்றிய இருவரும் 2010-ல் எழுதிய கட்டுரை அது. திருப்தி, ஈடுபாடு, புதிதாக வருபவர்கள், திரும்ப வருபவர்கள், வந்த வேலை முடிந்ததா என ஐந்து தலைப்பு. நல்ல கட்டுரைதான். என் புகார், நாம் அதைப் பாதி மட்டும் படிப்பது பற்றி.

மீதிப் பாதி சொல்வது இது: முதலில் நோக்கம், அடுத்து அது நிறைவேறுவதைக் காட்டும் அறிகுறி, கடைசியில்தான் எண். ஐந்தையும் எல்லா இடத்திலும் அளக்க வேண்டாம் என்றும் அவர்களே சொல்கிறார்கள். நாமோ ஐந்து தலைப்பை மட்டும் உருவிக்கொண்டு, எல்லா டாஷ்போர்டுக்கும் ஒரே எக்செல் ஷீட்டை நிரப்புகிறோம்.

இது எங்கே இடிக்கும் என்பதற்குச் சென்னையின் ஏரி நீர்மட்டத்தைப் பாருங்கள். ஒரே எண், மூன்று விதமான ஆட்கள்.

முதல் ஆள், மயிலாப்பூரில் குடம் வைத்துக்கொண்டு மெட்ரோ வாட்டர் லாரிக்குக் காத்திருப்பவர். குடிநீர் வாரியத்தின் தளத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நீர் இருப்பு தினமும் வருகிறது. நான்கின் மொத்தக் கொள்ளளவு 11,257 மில்லியன் கன அடி. போன வருடம் இதே நாள் எவ்வளவு என்பதும் உண்டு, அது அருமையான விஷயம். ஆனா இவருடைய கேள்வி, “இன்னும் எத்தனை மாசம் தாங்கும்?” சென்னைக்கு மாதம் சுமார் 1 டி.எம்.சி., அதாவது 1,000 மில்லியன் கன அடி என்ற கணக்கு தெரிந்தவர்தான் வகுத்துப் பார்க்க முடியும். இங்கே மெட்ரிக் ஒன்றே ஒன்று: பத்துப் பேரிடம் காட்டிக் கேட்டால் எத்தனை பேர் சரியான பதில் சொல்கிறார்கள்? பக்கத்தை எத்தனை முறை திறந்தார்கள் என்பதல்ல. 2019 ஜூனில் நான்கு ஏரியும் ஏறக்குறைய வறண்டு கிடந்தபோது ஒருவர் தினம் பத்து முறை திறந்திருந்தால், அதற்குப் பெயர் ஈடுபாடா? பயம்.

இரண்டாவது ஆள், மழை இரவில் செம்பரம்பாக்கம் மதகைக் கவனிக்கும் பொறியாளர். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அங்கிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. அடையாற்றுக் கரையில் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் மூழ்கின. எச்சரிக்கை நேரத்துக்கு வரவில்லை என்பதுதான் அப்போது எழுந்த பெரிய குற்றச்சாட்டு. இவருடைய திரையில் அளக்க வேண்டியது நிமிடங்களை. திரையில் தெரியும் எண் எத்தனை நிமிடம் பழசு? வரத்து எல்லை தாண்டியதிலிருந்து அவர் கவனிக்க எத்தனை நிமிடம்? கீழே இருப்பவருக்குச் செய்தி போக எத்தனை நிமிடம்? தவறவிட்ட எச்சரிக்கை எத்தனை, வீண் எச்சரிக்கை எத்தனை? திருப்தி சர்வே இங்கே கேலிக்கூத்து.

மூன்றாவது ஆள் கோட்டையில். 2021 டிசம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் டாஷ்போர்டில் அணை நீர்மட்டமும் உண்டு, விலைவாசி, மழையளவு முதலியவையும் உண்டு. இதைத் தினம் பார்த்தார்களா என்பது பெரிய விஷயமில்லை. பார்த்ததால் ஏதாவது ஒரு முடிவு மாறியதா? இன்னொன்று, மேலிடம் பார்க்கும் எந்தப் பலகையிலும் கீழே இருப்பவருக்குச் சிவப்பைப் பச்சையாக்கும் ஆசை வரும். ஆகவே திரையிலுள்ள எண்ணுக்கும் நேரில் போய்ப் பார்த்த எண்ணுக்கும் உள்ள இடைவெளியையும் அளக்க வேண்டும்.

மூன்றுக்கும் பொதுவாக ‘சஸ்’ போதாதா என்று கேட்பீர்கள். ஜான் ப்ரூக் 1986-ல் உருவாக்கிய பத்துக் கேள்விப் பட்டியல், நூற்றுக்கு மதிப்பெண். மலிவு, வேகம், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது சொல்வது திரை கையாள எளிதா என்பதை மட்டும். நேற்றைய நீர்மட்டத்தை இன்றையது என்று அழகாகக் காட்டும் திரையும் அதில் நல்ல மார்க் வாங்கிவிடும்.

அதனால் மெட்ரிக் தேர்வுக் கூட்டத்தில் நான் முதலில் கேட்பது இதுதான்: இந்தத் திரை தப்பாகச் சொன்னால் யாருக்கு, எவ்வளவு நேரத்தில், என்ன நஷ்டம்? அதற்குப் பதில் வந்தபிறகு எக்செல் ஷீட்டைத் திறக்கலாம். பெரும்பாலும் ஐந்தில் மூன்று காலம் காலியாகவே இருக்கும். இருக்கட்டும்.