ஊர்க் காவலும் ஊரவர் கட்டுப்பாடும்: வூல்ப்பின் நாவலை முன்வைத்துச் சில குறிப்புகள்

காவல் அதிகாரத்தை மக்களுக்கு அண்மையிற் கொணர்ந்தால் அது தானாகவே அவர்களுக்குப் பொறுப்புடையதாகிவிடும் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. அவ்வெண்ணத்தைப் பரிசீலிப்பதற்கு, லெனாட் வூல்ப் 1913ஆம் ஆண்டு வெளியிட்ட, ‘காட்டிடைக் கிராமம்’ என்று பொருள்படும் தலைப்பையுடைய ஆங்கில நாவல் தக்கதோர் சான்றாகும். வூல்ப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றியவர். நீதிவானாக அமர்ந்து வழக்குகளை விளங்கியவர்.

பொலிஸ் நிலையங்கள் அருகியிருந்த அன்றைய நாட்டுப்புறங்களிற் குற்றங்களை அறிவிப்பதும் சந்தேகத்துக்குரியோரைப் பிடித்து ஒப்படைப்பதும் கிராமத் தலைமைக்காரரின் கடமைகளாயிருந்தன. நாவலில் வரும் பாபெஹாமி அத்தகையவன். அவன் அந்நியனல்லன், அவ்வூரிலேயே வாழ்பவன். அவனாற் பொய்க்குற்றஞ் சாட்டப்படும் பபுன், அவனுடைய மனைவியின் சகோதரன். சேனைப் பயிர்ச்செய்கைக்கான அனுமதிக்கும் ஊரவர் அவனையே நாடவேண்டும். கடன்கொடுப்போனான பெர்னாண்டோவுடன் அவன் கூட்டுச்சேர்ந்ததும் நிலம், கடன், காவல் ஆகிய மூன்றும் ஒரே கயிறாகத் திரிந்து சிலிந்துவின் குடும்பத்தை நெரிக்கின்றன.

இதன் காரணம் தனிமனித தீக்குணம் மாத்திரமன்று. பாபெஹாமியின் பதவி அரசாங்கம் வழங்கியது. அதைப் பறிக்கும் உரிமையும் அரசாங்கத்துக்கே உரியது. அவனது அதிகாரம் கீழ்நோக்கிப் பாய்கின்றது. அவன் பதில்சொல்ல வேண்டியதோ மேலிடத்துக்கே. நீதிமன்றில் மொழிபெயர்ப்பாளர் வழியே நடைபெறும் விசாரணை எதிரிகளுக்கு விளங்குவதேயில்லை. சிலிந்து விடுவிக்கப்படுகிறான், பபுன் சிறை செல்கிறான். முறையிட வேறிடமற்ற சிலிந்து, ஈற்றில் தலைமைக்காரனையும் பெர்னாண்டோவையும் சுட்டுக்கொல்கிறான்.

தாம் அங்கம் வகித்த நிருவாகத்தின் குருட்டுத்தன்மையை மறைக்காத வூல்ப்பின் நேர்மை போற்றத்தக்கது. ஆயினும் முடிவில் ஊரை விழுங்குவது காடாகவே காட்டப்படுகின்றது. மனிதர் வகுத்த ஏற்பாடொன்று இயற்கையின் விதியாக உருமாறிவிடுகின்றது. ஊரவர் ஒன்றுகூடித் தலைமைக்காரனைக் கேள்விகேட்கும் சாத்தியம் நாவலில் எழுவதேயில்லை. நீதிவானின் இரக்கமே அதன் எல்லை. ஆசிரியரின் வர்க்க நோக்கின் எல்லையும் அதுவே.

கிராமத் தலைமைக்காரர் முறை 1963இல் ஒழிக்கப்பட்டது. நாவல் எழுப்பும் வினா ஒழியவில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுக்களுக்கு ஏற்பாடு செய்தது. அவ்வேற்பாடு இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. அதன்படி ஆணைக்குழுவின் மூன்று உறுப்பினருள் ஒருவர் பிரதிப் பொலிஸ் மா அதிபர். மற்றொருவரைப் பொதுச்சேவை ஆணைக்குழுவும் பிறிதொருவரை முதலமைச்சரும் பெயர்குறிப்பர். ஊரவருக்கு அதில் இடமில்லை.

மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் வேண்டுமென்ற கோரிக்கை நியாயமானது. அதைக் கைவிடுதல் தகாது. ஆனால் அக்கோரிக்கையை முன்வைப்போர், முறைப்பாட்டை விசாரிக்கவும் தவறிழைத்த உத்தியோகத்தரை அகற்றவும் ஊரவருக்குள்ள உரிமை யாதென்பதையும் சேர்த்தே கூறவேண்டும். கூறாதவிடத்து, நம் மொழி பேசும் பாபெஹாமி ஒருவனையே நாம் பெறுவோம்.