நன்றி: இணையம்

சித்தன்னவாசல் பற்றிய ஒரு ஆய்வேட்டை அண்மையில் படித்தேன். துணைநூற்பட்டியல் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் உண்டு. கடைசியில் 'இணையதளங்கள்' என்று ஒரு தலைப்பு, அதன்கீழ் ஐந்து வலைப்பூக்களின் முகப்பு முகவரி. அவ்வளவுதான். பதிவின் தலைப்பு இல்லை, எழுதியவர் பெயர் இல்லை, தேதியும் இல்லை. ஐந்நூறு பதிவு இருக்கிற வலைப்பூவில் இவர் எதைப் படித்தார்னு நான் எங்கே போய்த் தேட?

நம்ம ஊர் விழா மலர்களில் இன்னும் மோசம். கட்டுரை முடிவில் 'நன்றி: இணையம்'. இணையமா உட்கார்ந்து எழுதியது? வெயிலில் குன்று ஏறிப் படம் எடுத்துப் போட்டவர் ஒருத்தர் இருக்கிறார், அவருக்குப் பெயரும் இருக்கிறது. 2015 அக்டோபரில் வலைப்பதிவர் திருவிழா நடத்திக் கையேடும் வெளியிட்ட ஊர் புதுக்கோட்டை. இங்கேயே இந்த நிலைமை என்பதுதான் உறுத்துகிறது.

மேற்கோள் காட்டுவதில் நமக்கு நல்ல முன்மாதிரியும் உண்டு. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929இல் தன் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டதை அரச மரபு வாரியாக எண் போட்டு வெளியிட்டது. இன்றைக்கும் அந்த எண்ணைச் சொன்னால் போதும், எந்த நாட்டில் இருப்பவரும் அதே கல்வெட்டைப் பிரித்துப் பார்த்துச் 'சரி' என்றோ 'தப்பு' என்றோ சொல்லலாம். மேற்கோள் என்பது இந்த வசதிக்குத்தான், அலங்காரத்துக்கு இல்லை.

தேதி ஏன் முக்கியம் என்பதற்கும் சித்தன்னவாசலே உதாரணம். அங்குள்ள ஓவியங்கள் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தவை என்று முதலில் கருதினார்கள். பிறகு, ஸ்ரீவல்லப பாண்டியன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் குகைக்கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டை வைத்து, ஓவியங்களைப் பாண்டியர் காலத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் பல்லவர் கதை வலைப்பதிவுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய நூலைப் பார்த்து ஒருவர் எழுத, அவரைப் பார்த்து இன்னொருவர் எழுத, மூன்றாவது ஆள் ஆய்வேட்டில் ஏற்றிவிடுகிறார். ஒவ்வொருவரும் எங்கிருந்து எடுத்தோம்னு ஒரு வரி போட்டிருந்தால், சங்கிலி எங்கே அறுந்தது என்று தெரிந்திருக்கும்.

ஆகவே முதல் கேள்வி, அந்தப் பதிவு எதற்குச் சாட்சி என்பது. தான் நேரில் பார்த்த கோயிலை, தான் கேட்ட வழக்காற்றை ஒருவர் எழுதியிருந்தால் அந்தப் பதிவுதான் மூலம். கூச்சப்படாமல் அதையே காட்டுங்கள். அவர் கே. ஆர். வெங்கடராம ஐயரின் புதுக்கோட்டை மேனுவலைச் சுருக்கித் தந்திருந்தால், மேனுவலைத் திறக்க வேண்டும். அதன் ஸ்கேன் பிரதி இணையத்திலேயே கிடைக்கிறது.

திறக்க நேரமில்லையா? 'மேனுவல், இன்னார் வலைப்பதிவு வழி' என்று எழுதுங்கள். நெறியாளர் வலைப்பூவை ஏற்க மாட்டார் என்று பயந்து, பதிவைப் படித்துவிட்டு நூலை மட்டும் காட்டுகிறவர்கள் நிறைய. என்னைக் கேட்டால் 'நன்றி: இணையம்' இதைவிட எவ்வளவோ மேல். அது சோம்பல், இது பொய். பதிவில் இருந்த எழுத்துப்பிழை ஆய்வேட்டிலும் அப்படியே வந்து உட்காரும்போது குட்டு உடைந்துவிடும்.

குறிப்பில் என்ன இருக்க வேண்டும்? எழுதியவர் பெயர், பதிவின் தலைப்பு, வலைப்பூவின் பெயர், வெளியான நாள், அந்தப் பதிவின் முழு முகவரி. அமெரிக்க உளவியல் கழகத்தின் ஏபிஏ முறையும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறது. புனைபெயரில் எழுதியிருந்தால் புனைபெயரையே போடுங்கள், ஆள் யாரென்று நமக்குத் தெரிந்திருந்தாலும். பதிவில் உள்ள தவறைப் பின்னூட்டத்தில் ஒருவர் திருத்தியிருப்பார், நம் வலைப்பூக்களில் இது அடிக்கடி நடக்கும். அந்தத் திருத்தத்தை எடுத்தால் திருத்தியவர் பெயரும் நாளும் வேண்டும். பிளாகரில் பழைய பதிவைத் திருத்தலாம், வெளியான தேதியைக்கூட மாற்றலாம், வாசகருக்குத் தெரியாது. அதனால் 'பார்த்த நாள்' அவசியம். வேபேக் மெஷினில் ஒரு பிரதி சேமித்து அதன் முகவரியையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

முகவரியை மட்டும் நம்ப முடியாததற்குத் தமிழுக்கே உரிய காரணமும் உண்டு. முழுக்கத் தமிழில் தலைப்பு வைத்தால் பிளாகர் அதை முகவரியில் ஏற்பதில்லை, 'பிளாக்-போஸ்ட்' என்று போட்டுப் பக்கத்தில் ஒரு எண்ணை ஒட்டிவிடும். வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பை நகலெடுத்தால் சதவீதக் குறிகளாக நாலு வரிக்கு நீளும், அச்சில் பார்த்துத் தட்டச்சு செய்ய யாராலும் ஆகாது. தலைப்பும் பெயரும் கூடவே இருந்தால்தான் பிற்பாடு தேடிப் பிடிக்கலாம்.

இன்னொன்று. 2012 வாக்கில் கூகுள் இந்திய வாசகர்களை பிளாக்ஸ்பாட் டாட் இன் முகவரிக்குத் திருப்பிவிட்டது. அப்போது எழுதிய ஆய்வேடுகளில் அந்த முகவரிதான் அச்சாகியிருக்கிறது. 2020இல் அந்தப் பெயர் கூகுளின் கையைவிட்டே போய்விட்டது. அப்படிப்பட்ட சுட்டியைப் பார்த்தால் 'செத்துப்போச்சு'ன்னு விட்டுவிடாதீர்கள். 'இன்' இருக்கும் இடத்தில் 'காம்' போட்டுப் பாருங்கள். எழுதியவர் அழிக்காமல் வைத்திருந்தால் திறக்கும்.