தேரை விடுங்கள், கூட்டத்தைப் பாருங்கள்

பழைய திருவிழாப் படம் ஒன்று கைக்கு வந்தால் முதலில் தேரைப் பார்ப்போம். பிறகு சாமியை. பிறகு, ‘அந்தக் காலத்தில் எப்படி இருந்திருக்கிறது பார்’ என்று ஒரு பெருமூச்சு. அதோடு படம் மறுபடி உறைக்குள் போய்விடும். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவின் கறுப்பு வெள்ளைப் படங்களை இப்படிப் பார்த்தால் பாதிகூடப் பார்த்ததாகாது. தேர் அன்றும் தேர்தான், இன்றும் தேர்தான். தீச்சட்டி, ஆயிரங்கண் பானை, உடம்பெல்லாம் சேறு பூசிய சேத்தாண்டி வேடம் எல்லாம் வருஷா வருஷம் வந்த மாதிரியே வருபவை. மாறாமல் வருவதுதான் அவற்றுக்கு மரியாதை. மாறிக்கொண்டே இருப்பது, வழிவிட்டு ஓரத்தில் நிற்கும் கூட்டம். அந்தப் படங்களின் அழகு முக்கால்வாசி அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

தேனியிலிருந்து கம்பம் சாலையில் எட்டு கிலோமீட்டர் போனால் முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி. பார்வை இழந்த பாண்டிய மன்னன் அம்மனை வேண்டிக் கண் பெற்றான் என்பது தலவரலாறு. சித்திரையில் கம்பம் நட்டு, அதற்குத் தண்ணீர் ஊற்றி, மாதக் கடைசியில் செவ்வாய்க்கிழமை தொடங்கி எட்டு நாள் இரவு பகல் பாராமல் நடக்கும் திருவிழா. போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கூடலூர் என்று பள்ளத்தாக்கு முழுக்க அங்கே திரளும். மலை மேல் ஏலத்தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் வேலைக்குப் போன சனமும் இறங்கி வரும். ஒரு பக்கம் நேர்த்திக்கடன் ஊர்வலம், மறுபக்கம் ராட்டினமும் மரணக்கிணறும். பக்தியும் பொழுதுபோக்கும் ஒரே தூசியில் நடக்கும்.

இந்தச் சேர்க்கையை மேல்நாட்டில் வேலி போட்டு, டிக்கெட் வைத்து நடத்தினார்கள். கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17 அன்று திறந்தபோது ஊர்வலத்தோடுதான் திறந்தது. அந்த ஊர்வலங்களின் பழைய கோடாக்ரோம் ஸ்லைடுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பின்னாளில் டிஸ்னி பூங்காக்களுக்குள் ‘இங்கே நின்று படம் எடுங்கள்’ என்று கோடாக் நிறுவனமே பலகை நட்டுவைத்தது. வீரபாண்டியில் அப்படிப் பலகை ஏது? எங்கே நிற்பது என்பதை ஸ்டூடியோக்காரர் தன் கண்ணையும் முழங்கையையும் நம்பித்தான் முடிவு செய்தார். அந்த முடிவுதான் முதலில் ரசிக்க வேண்டிய கலை.

அவர் கையில் இருந்தது பெரும்பாலும் இரட்டை லென்ஸ் கேமரா. வசதி உள்ளவரிடம் ரோலிஃபிளெக்ஸ், மற்றவரிடம் யாஷிகா. 120 ரோல் ஒன்றில் பன்னிரண்டு படம். கேமராவை வயிற்றுக்கு நேரே பிடித்து, மேல்மூடியைத் திறந்து, தலையைக் குனிந்து கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பிம்பம் இடவலம் மாறித் தெரியும். தேர் வலப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் இடப்பக்கம் போகும். பழகாதவர் கேமராவை எதிர்த்திசையில் திருப்பித் தேரைக் கோட்டைவிடுவார். பழகியவர் ஊர்வலம் எங்கே வந்து நிற்கும் என்று முன்கூட்டியே கணித்து, அந்த இடத்துக்குக் கேமராவை வைத்துவிட்டுக் காத்திருப்பார்.

வயிற்று உயரத்தில் கேமரா இருந்ததால் இன்னொரு காரியமும் தானாக நடந்தது. தீச்சட்டி ஏந்தி வருபவர் கொஞ்சம் கீழிருந்து தெரிவார். ஆகவே ஓங்கி நிற்பார். ஆனால் குழந்தைகளின் கண் லென்ஸுக்கு நேர்மட்டத்தில் இருக்கும். பழைய திருவிழாப் படங்களில் பெரியவர்கள் எல்லாம் சாமியைப் பார்த்துக்கொண்டிருக்க, பொடிசுகள் மட்டும் நம்மை வெறித்துப் பார்ப்பது இதனால்தான். இன்று போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து எடுக்கும் படங்களில் குழந்தைகள் உச்சந்தலையாக மட்டும் இருக்கிறார்கள்.

அடுத்தது வேகம். சித்திரை மாதத்து உச்சிவெயிலில் படம் எடுத்தால் முகத்தில் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் மிஞ்சும். கைதேர்ந்தவர் மேற்கு மலையில் மேகம் ஏறி வெளிச்சம் பதமாகும் சாயங்காலத்துக்குப் பொறுத்திருப்பார். அப்போது வெளிச்சம் குறைவு. கையில் இருப்பதோ கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஆர்வோ ஃபிலிம், இல்லாவிட்டால் 1960இல் தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’. இன்றைய கேமராக்களின் கணக்கில் அவை மந்தமானவை. பொழுது சாயச்சாய ஷட்டரை நொடியில் முப்பதில் ஒரு பங்குக்குக் குறைத்தாக வேண்டும். அந்த வேகத்தில் ஆடி வருபவர் கலங்குவார். அசையாமல் நிற்பவர் துல்லியமாக விழுவார். ஊர்வலம் மங்கல், வேடிக்கை பார்ப்பவர் தெளிவு. கூட்டத்தைக் கவனியுங்கள் என்று நமக்குச் சொல்வது அந்தக் கருவிதான். ஆங்கிலேயப் படப்பிடிப்பாளர் லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையைப் படம் பிடித்தபோது ஒரு படத்துக்கு இன்னும் எவ்வளவோ நேரம் தேவைப்பட்டது. நடமாடியவர்கள் படத்தில் பதியவே இல்லை. கோபுரமும் மண்டபமும் ஆளரவமற்று நிற்கும். நூறு வருஷம் கழித்து வீரபாண்டியில் அதே கறுப்பு வெள்ளை, நடப்பவரைப் பாதி விழுங்கி, நிற்பவரை முழுசாகக் கொடுத்தது.

சின்னமனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்த படம். கார்டு சைஸ், விளிம்பை நெளிநெளியாக வெட்டியது. நடுவில் தீச்சட்டி ஏந்திய பெண். சட்டிக்கு மேல் தீ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. அருள் வந்து ஆடியதில் முகம் கலங்கியிருக்கிறது. அவளை விட்டுவிட்டு இடப்பக்கம் வாருங்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர், தோளில் குழந்தை, குழந்தை கையில் ஓலைக் காற்றாடி. மனிதர் துல்லியம், காற்றாடி மட்டும் சுழன்று புகைவட்டமாகியிருக்கிறது. காற்று அடித்த நாள் என்று தெரிகிறது. காலில் டயர் செருப்பு. வலப்பக்கம் ஒரு பையன், அண்ணனின் சட்டையாக இருக்க வேண்டும், பொத்தானை ஒன்று தள்ளி மாட்டியிருக்கிறான். லென்ஸைவிட்டுக் கண் எடுக்கவில்லை. அவனுக்குப் பின்னால் ஒரு பெண் நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு ஊர்வலத்தைப் பார்க்காமல், படம் எடுப்பவருக்கும் பின்னால் யாரையோ தேடுகிறாள். திருவிழாக் கூட்டத்தில் யாரையாவது தொலைத்துத் தேடாத குடும்பம் உண்டா? ஊர்வலத்தை எடுக்கப் போனவர் ஒரு ஊரையே எடுத்துவிட்டார்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மன் திருவிழா என்றாலே மஞ்சளும் சிவப்பும் வேப்பிலைப் பச்சையும்தான். கறுப்பு வெள்ளையில் இவை என்ன ஆகின்றன? பழைய ஆர்த்தோக்ரோமாட்டிக் தகடுகளுக்கும் ஃபிலிம்களுக்கும் சிவப்பு தெரியாது. குங்குமப் பொட்டு கரிப்பொட்டாகும், சிவப்புச் சேலை இருண்டுவிடும். பின்னால் வந்த பான்க்ரோமாட்டிக் ஃபிலிமில் மஞ்சள் வெளுத்து ஒளிரும், சிவப்பு நடுத்தரச் சாம்பலாகும். மஞ்சள் தண்ணீரில் நனைந்த சேலைகள் வெயில் பட்ட சுவர் மாதிரி துலங்க, சேத்தாண்டிகளின் ஈரச்சேறு பளபளக்கும் கறுப்பாக விழும். இந்த இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் வைத்து, வெள்ளையும் வெளிறாமல் கறுப்பும் அடைந்துபோகாமல் பிரிண்ட் போட்டவர் தொழில் தெரிந்தவர். சேற்றுக்குள்ளும் விலா எலும்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் டார்க் ரூமில் உழைப்பு இருந்திருக்கிறது. ஸ்டூடியோ உருவப்படங்களில் நெகட்டிவ் மேல் பென்சிலால் டச்சிங் செய்து அம்மைத் தழும்பையும் சுருக்கத்தையும் மறைத்துவிடுவார்கள். திருவிழாக் கூட்டத்தில் முகங்கள் சிறிசு, எண்ணிக்கையோ ஏராளம், யாரும் திருத்தவில்லை. அதனால் அந்த முகங்கள் உள்ளபடி நமக்கு வந்து சேர்ந்தன.

இரவில் ராட்டினப் படம். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷட்டரைச் சில நொடி திறந்தே வைத்தால் விளக்குகள் வட்டக்கோடுகளாக இழுபடும். ராட்டினத்தில் இருந்தவர் யாரும் படத்தில் இல்லை. கீழே தங்கள் முறைக்காக அண்ணாந்து நின்றவர்கள் அரையிருட்டில் இருக்கிறார்கள். இங்கேயும் அதே நியாயம்தான். அதே மைதானத்தில் தட்டி மறைத்த தற்காலிக ஸ்டூடியோவில் பிறை நிலாவிலோ அட்டை விமானத்திலோ உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படங்கள் வேறு வகை. அவற்றிலும் எனக்குப் பிடித்தவை, சீன் துணி முடிந்து நிஜத் தட்டியும் வேடிக்கை பார்க்கும் ஒரு தலையும் ஓரத்தில் தெரிபவை.

இதில் வியாபாரமும் உண்டு, மறுக்க வேண்டியதில்லை. ரோல் விலை கொடுத்து வாங்கியது. ஒரு சட்டத்துக்குள் எத்தனை குடும்பம் அடங்குகிறதோ அத்தனை காப்பி விற்க வழி. கோபுரத்தையும் சாமியையும் மட்டும் எடுத்தால் ஒரு பிரிண்ட், கூட்டத்தையும் சேர்த்தால் பத்து. நல்ல கலைக்குப் பின்னால் இப்படி ஒரு வயிற்றுக் கணக்கு இருந்தால் அதில் குறைவொன்றும் இல்லை.

எண்பதுகளில் வந்த கலர் படங்கள் பல வீடுகளில் செம்மை பூத்துப்போய்விட்டன. அவற்றின் சாயம் அவ்வளவுதான் தாங்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளி. ஹைப்போக் கரைசலில் ஒழுங்காகப் போட்டுக் கழுவியிருந்தால் மூன்று தலைமுறை தாண்டும். இருண்ட பகுதிகளில் நீலப் பளபளப்பு ஏறியிருந்தால் அது வெள்ளி மேலெழும்பும் வயது அடையாளம். துணியால் தேய்க்க வேண்டாம். தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்துகொண்டு, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மின்படிகளாக்கிச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் வீட்டுப் பீரோக்கள் அத்தனைக்கும் ஆய்வாளர் வந்துவிட முடியாது.

ஆகவே படம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போனில் படியெடுக்கும்போது தேரை நடுவில் வைத்து ஓரத்தை வெட்டாதீர்கள்; பின்னால் தெரியும் துணிப் பதாகையில் ‘மதுரை மாவட்டம்’ என்று இருந்தால், தேனி தனி மாவட்டமான 1996க்கு முந்தைய படம் என்று சொல்லித்தருவது அந்த ஓரம்தான். ரவிக்கைக் கையின் நீளமும் காதோரம் பிடித்த டிரான்சிஸ்டரும் காலத்தை இன்னும் நெருக்கிச் சொல்லும். படத்தில் உள்ளவர்களை அடையாளம் காட்டக்கூடிய பெரியவர் வீட்டில் இருந்தால், இந்த வாரமே உட்கார வைத்துக் கேளுங்கள். பின்புறம் மென்மையான பென்சிலால் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். அம்மனின் பெயரை யாரும் மறக்கப்போவதில்லை; பொத்தானை மாற்றிப் போட்ட பையனின் பெயரைத்தான் எழுதி வைக்க வேண்டும்.