ஹீலியம் அணுவும் நொய்யல் நீரும்

தனி ஹீலியம் அணு ஒரு மூலக்கூறா? தேர்ந்த வேதியியலார் ஒருவரிடமும் இயற்பியலார் ஒருவரிடமும் இவ்வினா கேட்கப்பட்டது. இருவரும் தயங்காமல் விடையளித்தனர். ‘ஆம்’ என்றார் வேதியியலார்; வாயுக்களின் இயக்கக் கொள்கைப்படி அது மூலக்கூறு போலவே நடந்து கொள்கிறது. ‘இல்லை’ என்றார் இயற்பியலார். அது மூலக்கூறு நிறமாலையைத் தருவதில்லை. அறிவியல் புரட்சிகளின் அமைப்பைப் பற்றி தாமஸ் கூன் 1962-ல் வெளியிட்ட ஆங்கில நூலில் இந்நிகழ்ச்சி இடம் பெறுகிறது.

இருவருள் எவரும் அறியாதவர் அல்லர். பிறகு வேற்றுமை எங்கிருந்து வந்தது? அவர்கள் பயின்ற பயிற்சிகளிலிருந்து என்பது கூனின் விடை. மாணவன் ஒரு கருத்தை வரையறையிலிருந்து கற்பதில்லை. செய்து பார்த்த கணக்குகளிலிருந்தே கற்கிறான். விசை என்பது நிறை, முடுக்கம் ஆகியவற்றின் பெருக்கல் என்று ஒப்பிப்பவன், தனி ஊசல் கணக்கில் அதே விதி வேறு வடிவில் வரும்போது திகைத்து நிற்பதை நம் வகுப்புகளில் காண்கிறோம். நூலின் மிகச் சிறந்த பகுதி இதுவே.

வேடிக்கை என்னவெனில், நூலின் மையச் சொல்லான ‘பாரடைம்’ என்பதே பலவாறு பொருள் கொள்ளப்பட்டது. ஆசிரியரே அச்சொல்லைக் குறைந்தது 21 பொருள்களில் ஆண்டிருக்கிறார் என்று மார்கரெட் மாஸ்டர்மன் 1970-ல் வெளிவந்த கட்டுரையில் எடுத்துக் காட்டினார்.

நூலின் குறை எது? திருப்பூர் வாசகருக்கு அது எளிதில் விளங்கும். பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்குச் சாயத் தொட்டியில் சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ சேர்க்கிறார்கள். அடர் நிறங்களுக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் தேவைப்படும். துணி சாயத்தைப் பிடித்துக் கொள்கிறது. உப்போ நீரிலேயே தங்கி விடுகிறது. தொடக்க காலப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பு முதலியவற்றால் நிறத்தை நீக்கின. கரைந்த உப்பை நீக்கவில்லை. நீர் தெளிந்தது, ஆகவே சுத்தம் என்றது பட்டறை. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உள்ள உழவரோ மண் உவர்ப்பதையும் பயிர் கருகுவதையும் கண்டு, அசுத்தம் என்றார். ‘சுத்தம்’ என்னும் ஒரே சொல்லை ஒருவர் கண்ணாலும் மற்றவர் வயலாலும் கற்றிருந்தனர்.

இதுவரை கூன் சொல்வது சரியே. ஆனால் ஹீலியம் வினாவில் இருவரும் தத்தம் ஆய்வுக்கூடத்திற்குத் திரும்பி விடலாம். நொய்யலில் அது முடியாது. ஆறு ஒன்றுதான். இத்தகைய இருவர் எவ்வாறு உடன்பாட்டிற்கு வருவர்? 1969-ல் எழுதிய பின்னுரையில், ஒருவர் மொழியை மற்றவர் பெயர்த்தறிய வேண்டும் என்று கூன் சுருக்கமாகக் கூறுகிறார். அது போதாது. சொல்லைப் பெயர்ப்பதோடு, பொதுவான ஓர் அளவையும் தேட வேண்டும்.

ஒரு லிட்டர் நீரை வடிகட்டி, வற்றக் காய்ச்சி, எஞ்சுவதை எடை போடுங்கள். அரசு விதித்த எல்லை 2100 மில்லிகிராம், அதாவது 2.1 கிராம். அவ்வளவு உப்பு கரைந்தாலும் நீர் தெளிவாகவே தோன்றும். பட்டறைகளில் உள்ள கைக்கருவி உப்பை நேரடியாக அளப்பதில்லை. நீரின் மின்கடத்தும் திறனை அளந்து, ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. உப்பின் வகைக்கேற்ப அந்த எண் மாறும். ஆகவே கருவியின் பின்னும் ஒரு கொள்கை உண்டு. அங்கும் கூன் வெல்கிறார். ஆனால் தராசைக் கொண்டு அக்கருவியைச் சோதிக்கலாம் என்பதை அவர் போதிய அளவு வற்புறுத்தவில்லை.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவு நீரை ஆற்றில் விடாமல் மீட்டுப் பயன்படுத்தும் முறைக்கு மாறிய பிறகே அவை இயங்க முடிந்தது. அளவு மட்டும் வழக்கைத் தீர்த்து விடவில்லை. எனினும் ‘தெளிந்த நீர் சுத்தமான நீர்’ என்னும் வாதம் அளவின் முன் நிற்கவில்லை.

கூனின் நூலை மாணவர்கள் படிக்க வேண்டும். மனிதர் ஏன் வேறுபட்டுப் புரிந்து கொள்கின்றனர் என்பதை அது தெளிவாகக் காட்டும். அதைப் படித்து விட்டு, ‘அவரவர்க்கு அவரவர் உண்மை’ என்று மட்டும் முடிவு கட்டிவிட வேண்டாம். நீரில் கரைந்த உப்பு, யாருடைய பார்வைக்காகவும் குறைவதில்லை.