மூடச் சீடர் மரபும் அதன் லக்ஷணமும்

அறிவு வரம்பு மீறிப் பெருகி அதனாலேயே நிலைகுலைந்த ஒரு குருவையும், அவர் இட்ட கட்டளையை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றி அதனாலேயே அவர் காரியத்தைக் கெடுத்துவிடும் ஒரு சிஷ்யனையும் ஜோடியாக அரங்கில் நிறுத்தி ஜனங்களைச் சிரிக்க வைக்கும் மரபு, இன்று தொலைக்காட்சியிலே பித்துக்கொண்ட விஞ்ஞானியும் அவருடைய எடுபிடியுமாக வேஷம் மாறி வந்தபோதிலும், நமக்குப் புதியதன்று. அம்மரபின் கிளைகள் எவை, அவற்றுள் உத்தமமானது எது என்பதை இம்மலரில் சற்று விசாரிக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு பேதத்தைத் தெளிந்துகொள்ள வேண்டும். தெருக்கூத்தில் அரசனுக்குக் கட்டியம் கூற வந்து அரசனையே கேலி செய்யும் கட்டியங்காரனும், மேற்கே மலைக்கு அப்பால் கேரளத்துக் கூடியாட்டத்தில் ஸம்ஸ்கிருத சுலோகத்துக்கு மலையாளத்தில் வியாக்கியானம் பேசும் விதூஷகனும், விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் கதை தொடங்குமுன் மேடை ஏறும் பபூனும் மகா சமர்த்தர்கள், அறிந்தே அசடாடுபவர்கள். நம் விஷயம் அவர்கள் அல்லர். தான் அசடன் என்பதையே அறியாமல், குருவிடத்தில் பரிபூரண பக்தியோடு தவறு செய்கிறவனே இங்கு நாயகன். அவனுடைய பிழை சோம்பலிலிருந்தோ துரோகத்திலிருந்தோ பிறக்கலாகாது. கீழ்ப்படிதலிலிருந்து பிறக்க வேண்டும். அந்தப் பிழையினால் சிஷ்யனுடைய அறியாமையைவிடக் குருவின் பித்தே அதிகமாக வெளிப்பட வேண்டும். இவ்விரண்டையும் நான் லக்ஷணமாகக் கொள்கிறேன்.

இந்த லக்ஷணத்துக்கு இலக்கியமாய் நிற்பது வீரமாமுனிவர் இயற்றிய பரமார்த்த குரு கதை. 1680-இல் இத்தாலியில் பிறந்து 1747-இல் மறைந்த அப்பெரியார், மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என ஐந்து சீடரைப் படைத்தார். குதிரைமேல் போகும் குருவின் தலைப்பாகை விழுகிறது, சீடர் எடுக்கவில்லை. விழுவதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று குரு கடிந்துகொள்ள, அடுத்து விழுந்த குதிரைச் சாணத்தையும் பயபக்தியோடு ஏந்தி வருகிறார்கள். எடுக்கத்தக்கவை இன்னின்ன என்று குரு ஓலையில் எழுதிக் கொடுத்த பிறகு, அவரே பள்ளத்தில் விழுகிறார். சீடர்கள் ஓலையை வாசித்து, அவர் உடுத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, பட்டியலில் இல்லாத குருவை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அவர் தம்மையும் பட்டியலில் எழுதிச் சேர்த்த பின்பே தூக்குகிறார்கள். கட்டளை இடுகிறவர் எவ்வளவு கூர்மையாக எழுதினாலும் உலகம் அந்த எழுத்துக்குள் அடங்காது என்பதை இதைவிடச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவர் எவருமிலர். 1822-இல் பாபிங்டன் இதை ஆங்கிலமாக்கி லண்டனில் வெளியிட்டார்.

சினிமா வந்ததும் குருவின் இடத்தை மந்திரவாதி பிடித்தான். 1951-இல் வெளிவந்த பாதாள பைரவியில் ரங்காராவ் நேபாள மந்திரவாதியாக வர, அவனுடைய சிஷ்யன் சதாஜபனாகப் பத்மநாபம் வந்தார். மாண்டு கிடக்கும் குருவைச் சஞ்சீவி மூலிகையால் எழுப்புகிறவன் அந்த அசட்டுச் சிஷ்யன்தான். மூடபக்தி இல்லாவிடில் அக்கதையே பாதியில் முடிந்துபோயிருக்கும். 1957-இல் வந்த மாயாபஜாரின் சின்னமயனுக்கும் இரு சீடர்கள் உண்டு. சுவையில் சதாஜபனுக்கு அடுத்தபடிதான்.

மேனாட்டு விஞ்ஞானிக் கதையில் இம்மரபு பிற்பாடு ஒட்டிக்கொண்டது. மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட பிராங்கன்ஸ்டைன் நாவலில் விஞ்ஞானிக்கு உதவியாளனே இல்லை; 1823-இல் அது நாடகமானபோதுதான் பிரிட்ஸ் என்ற வேலைக்காரன் முளைத்தான், 1931-இல் திரைப்படத்திலும் ஏறினான். அங்குள்ள தொலைக்காட்சியில், 1988-இல் மினியாபொலிஸ் நகரத்து உள்ளூர் நிலையமொன்றில் தொடங்கிய ஒரு ஹாஸ்யத் தொடரில், விண்கலத்தில் அடைபட்டவனுக்கு மட்டமான திரைப்படங்களைக் காட்டிப் பரிசோதனை செய்யும் டாக்டர் பாரஸ்டரின் எடுபிடியாகப் பிராங்க் கானிப் 1995 வரை நடித்தார். எஜமான் சொன்னதும் பொத்தானை அழுத்துவதே அவருடைய தர்மம். வசவுகளை வாங்கிக்கொண்டும் அவர் அன்பு குன்றாமல் இருப்பதைக் காணும்போது, மட்டிக்கும் மடையனுக்கும் அவரைத் தம்பி என்றே கொள்ளத் தோன்றுகிறது.

2010-இல் வந்த எந்திரனில் விஞ்ஞானி வசீகரனுக்குச் சந்தானம், கருணாஸ் ஆகிய இருவர் உதவியாளராக வருகின்றனர். ஆனால் உண்மையான சீடன் அங்கே சிட்டி என்னும் எந்திரமே என்பது என் துணிபு. தொலைக்காட்சியைப் போடு என்றதும் கீழே போட்டு உடைக்கிறது. நெருப்பிலிருந்து ஜனங்களைக் காப்பாற்றச் சொன்னால், குளித்துக்கொண்டிருந்த பெண்ணை ஆடையின்றிக் கூட்டத்தின் நடுவே கொண்டுவருகிறது. அவள் நாணித் தெருவிலே ஓடி வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு குருவைப் பள்ளத்தில் விட்ட அதே கீழ்ப்படிதல்தான். நகைச்சுவை அவலமாக மாறிய அந்த இடம் இம்மரபிலேயே ஆழமானது.

நம் பாண்டிச் சீமைக்கு வருவோம். தோல்பாவைக்கூத்தில் இராமாயணத்தின் இடையே புகும் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும், வில்லுப்பாட்டில் தலைமைப் புலவருக்கு எதிரே அமர்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் ‘ஆமா’ போட்டு, ஒன்றும் விளங்காதவர்போல் வினாவி, அவரை விளக்கிச் சொல்ல வைக்கும் இடத்துப் பாட்டுக்காரரும் இம்மரபுக்கு உறவினரே. சுடலைமாடன் கதையின் உக்கிரத்திலும் அந்த ‘ஆமா’ தவறினால் பாட்டு நொண்டும். இப்பணிவை மறந்து, துணைவனுடைய நிறத்தையும் உருவத்தையும் பழித்து, அவனை உதைப்பதையே ஹாஸ்யம் என்று கொள்ளும் இன்றைய திரை வழக்கம் மரபின் வளர்ச்சியன்று, க்ஷீணமே.

வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் வட்டாரத்துக் கொடை விழாக் கமிட்டியாரிடம் ஒரு விண்ணப்பம். நோட்டீஸ் அச்சிடும்போது வில்லடிக்கும் புலவர் பெயரோடு ‘குழுவினர்’ என்று நிறுத்திவிடாமல், இடத்துப் பாட்டுக்காரர் பெயரையும் சேர்த்து அச்சிடுங்கள். சன்மானம் அளிக்கும்போது அவரையும் மேடைக்கு அழைத்துத் துண்டு போர்த்துங்கள்.