காரையில் கிடக்கும் காலம்

திருச்சியிலிருந்து சென்னை போகும் நான்குவழிச் சாலையில் வண்டிகளுக்குக் குறைவே இல்லை. சமயபுரத்தில் ஒரு கும்பிடு, சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு ஒரு கும்பிடு, பெரம்பலூர் தாண்டி ஒரு காபி என்று போகிறவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அந்தச் சாலைக்குக் கிழக்கே, ஊட்டத்தூர், காரை, குளக்காநத்தம் பக்கங்களில் ஒரு கடலின் அடித்தரை வெயிலில் காய்ந்து கிடக்கிறது. அதன் வயது 11 கோடி ஆண்டிலிருந்து 9 கோடி ஆண்டு வரை. லண்டனிலும் வியன்னாவிலும் 19ஆம் நூற்றாண்டிலேயே ஆய்வு நூல்களில் அச்சேறிய மண் இது. இங்கே வண்டியைத் திருப்புகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கேட்டால் "பார்க்க என்ன இருக்கிறது, வெறும் பொட்டல்தானே" என்கிறார்கள். அந்தப் பதில் தப்பு என்று காட்டத்தான் இந்தக் கட்டுரை.

அடிப்படையை வேகமாக முடித்துவிடலாம். பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டு. உயிர் தோன்றி 350 கோடி ஆண்டுக்குக் குறையாது. அதில் பெரும்பகுதி நுண்ணுயிர்களின் ஆட்சி. விலங்குகள் பெருகிய கேம்பிரியன் காலம் ஏறத்தாழ 54 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கியது. அதற்குப் பிறகு பேலியோசோயிக், மீசோசோயிக், சீனோசோயிக் என்று மூன்று பெரும் ஊழிகள். முதலாவது 25.2 கோடி ஆண்டுக்கு முன்னும், இரண்டாவது 6.6 கோடி ஆண்டுக்கு முன்னும் பேரழிவில் முடிந்தன. மீசோசோயிக்கின் கடைசிப் பாகத்துக்குக் கிரிட்டேசியஸ் என்று பெயர். காரைக் கடல் அதற்குள் அடங்கும். புரளாத அடுக்குகளில் கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. யுரேனியம் போன்ற தனிமங்கள் சிதையும் வேகத்தை அளந்தால் வயதை எண்ணிலும் சொல்லலாம். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். மீதிப் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, கல்லைப் பார்க்கப் பார்க்கத் தானே படியும்.

இந்த இடத்தில் எல்லாப் புத்தகங்களும் ஒரு கடிகாரத்தைக் கொண்டுவந்து வைக்கும். பூமியின் வரலாற்றை 24 மணி நேரமாகச் சுருக்கினால் மனிதன் நள்ளிரவுக்குச் சில நொடிகள் முன்புதான் வந்தான் என்று சொல்லிப் புருவம் உயர்த்த வைக்கும். ஆழமில்லாத வித்தை அது. காலத்தைச் சுருக்கிக் கையில் கொடுத்தால் அதன் நீளம் எப்படி விளங்கும்? மனிதன் சிறியவன் என்ற ஒரே பாடத்தோடு வாசகர் எழுந்துவிடுகிறார். மீதி 23 மணி 59 நிமிடத்தில் யார் வாழ்ந்தார்கள், யார் போனார்கள் என்று அவர் கேட்பதே இல்லை.

நீளத்தை உணர விரும்புகிறவர் இந்தக் கடல்படிவின் மேற்கு எல்லைக்குப் போகட்டும். அங்கே அடியில் இருப்பது நைஸ், சார்னோக்கைட் வகைக் கடும்பாறை. பரங்கிமலையில் தெரிவதும் இந்தச் சார்னோக்கைட்தான். வயது 250 கோடி ஆண்டு அளவில் இருக்கும். அதன் முதுகில் நேரடியாக வந்து உட்கார்ந்திருப்பது கிரிட்டேசியஸ் கடல் கொண்டுவந்த மண். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு இங்கே ஒரு பதிவும் இல்லை. அந்தக் காலத்தில் மலைகள் தேய்ந்தன, கண்டங்கள் சேர்ந்து பிரிந்தன, இந்தியா அன்டார்க்டிகாவை விட்டு விலகியது. ஒரு காலைப் பாறையிலும் மறு காலைக் களிமண்ணிலும் வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பது எந்தக் கடிகாரத்தையும் விட நன்றாகக் கற்றுத்தரும்.

அடுத்த தொல்லை டைனோசர். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று செய்தி பறந்தது. கூட்டம் கூடியது, படங்கள் பரவின. அவை கடலடிச் சேற்றில் தாதுக்கள் திரண்டு உருவான உருண்டைகள், அம்மோனைட்டுகளோடு சேர்ந்து வரும் சமாச்சாரம் என்று வல்லுநர்கள் விளக்கியதும் கூட்டம் கலைந்துவிட்டது. கலையாமல் இருந்திருக்க வேண்டிய நேரமே அதுதான்! முட்டை இல்லை என்றதும் ஆர்வம் வடிந்துபோகிறது என்றால், அந்த ஆர்வம் கல்லின் மேல் இருந்ததே இல்லை.

டைனோசர் இந்தப் பகுதிக்கு அந்நியம் என்பதல்ல. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர் பிருகத்காயோசாரஸ் என்ற பெயரை முன்வைத்தார்கள். அதன் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் நீளம் மட்டும் 2 மீட்டர் என்று பதிவானது. உலகிலேயே மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் அந்த எலும்புகள் பின்னாளில் நொறுங்கிப் போயின. மிஞ்சியவை குறிப்புகளும் படங்களும்தான். அளவை மட்டும் வைத்து ரசிக்கிறவருக்கு இங்கே கையால் தொட ஒன்றுமில்லை. கையால் தொட வேண்டியது வேறு. அது உள்ளங்கையில் அடங்கும்.

இனிமேல் வருவது இரண்டு சுருள்களின் கதை. இதற்குத்தான் பொறுமை வேண்டும்.

காரையின் ஓடைகளில் கிடைக்கும் சுருள் கற்களைப் பார்த்ததும் நத்தை என்கிறார்கள். நத்தையின் ஓடு உள்ளே ஒரே குழாய். இவை அறை அறையாகத் தடுக்கப்பட்டவை. கடைசி அறையில் உயிர் குடியிருந்தது. அதற்குப் பின்னால் உள்ள அறைகளில் வாயுவை நிரப்பிக்கொண்டு நீரில் மிதந்தது. கணவாய்க்கும் ஆக்டோபசுக்கும் தூரத்து உறவு. இந்த வகையில் இரண்டு குடும்பங்கள் உண்டு: அம்மோனைட், நாட்டிலஸ். சந்தையில் இரண்டையும் ஒரே தட்டில் கொட்டி ஒரே பெயரில் விற்கிறார்கள். மடகாஸ்கரிலிருந்து வந்த அம்மோனைட்டை நடுவில் அறுத்து, பளபளக்கத் தேய்த்து, வரவேற்பறை மேசைக்கு அலங்காரமாக வைப்பது இப்போதைய மோஸ்தர். அறுத்துத் தேய்த்ததில் அறைகள் தெரியும்; முக்கியமான ஒன்று தேய்ந்தே போய்விடும்.

அந்த முக்கியமான ஒன்றுதான் தையல்கோடு. அறைகளைப் பிரிக்கும் தடுப்பு, ஓட்டின் உள்சுவரைத் தொடும் இடத்தில் ஒரு கோடு விழும். ஓடு கரைந்து, உள்ளே நிரம்பிய சேறு கல்லானபின் அந்தக் கோடு வெளியே தெரிகிறது. நாட்டிலஸில் இது நிதானமான ஒரு வளைவு, அவ்வளவுதான். அம்மோனைட்டில் அதே கோடு சிக்குக் கோலமாக நெளிந்து, நெளிவுக்குள் நெளிவாக மடங்கி, ஒவ்வொரு மடிப்பின் ஓரத்திலும் இன்னும் சிறிய பற்கள் வெட்டியிருக்கும். ஏன் இத்தனை நெளிவு? நீரின் அழுத்தத்தைத் தாங்கவா, தசை பிடித்துக்கொள்ளவா, அறைக்குள் நீரைக் கட்டுப்படுத்தவா என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆய்வாளர்கள் சண்டை போட்டு வருகிறார்கள். சண்டைக்குத் தகுந்த விஷயம்தான்.

புதிதாக வருபவர் இங்கே ஒரு தவறு செய்வார்: ஓட்டின் மேல் வரிசையாகப் புடைத்து நிற்கும் விலா வரிகளைத் தையல்கோடு என்று நினைத்துவிடுவார். வரிகள் வெளி அலங்காரம், கோடு உள் கட்டுமானம். நேபாளத்துக் காளிகண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமத்தைப் பூஜையில் பார்த்தவர்களுக்கு வரி பழக்கமாகவே இருக்கும். அவற்றில் பல ஜுராசிக் கால அம்மோனைட்டுகள் பதிந்த கருங்களி உருண்டைகள். சக்கரம் என்று வணங்கப்படுவது சுருளும் விலா வரிகளும் விட்டுப்போன அச்சு. நம் வீடுகளுக்குள் இத்தனை காலம் ஜுராசிக் கடல் இருந்திருக்கிறது. அம்மோனைட் அந்நியமான விஷயம் என்று இனி எவரும் சொல்ல வேண்டாம்.

இன்னொரு அடையாளமும் உண்டு. அறைகளை ஊடுருவிப் போகும் மெல்லிய குழாய் நாட்டிலஸில் தடுப்புகளின் நடுப்பகுதி வழியாகப் போகும், அம்மோனைட்டில் வெளி விளிம்பை ஒட்டிப் போகும். உடைந்த துண்டு கிடைத்தால் இது கைகொடுக்கும். ஆனாலும் தையல்கோட்டுக்கு ஈடு இல்லை. காரணம், அந்தக் கோடு காலத்தையே சொல்லும். அம்மோனைட் வம்சத்தின் மூத்த உறவினர்களான கோனியட்டைட்டுகளின் கோடு சாதாரண வளைவும் கோணலுமாக இருக்கும். பேலியோசோயிக்கின் பிற்பகுதி அவற்றினுடையது. ட்ரையாசிக் காலத்துச் செரட்டைட்டுகளில் ஒரு பக்க மடிப்பு மட்டும் பல்லாக வெட்டியிருக்கும். ஜுராசிக்கிலும் கிரிட்டேசியஸிலும் முழு நெளிவு. எளிமையானது பழையது, சிக்கலானது புதியது என்று அவசரப்பட்டு முடிவு கட்டவும் கூடாது. கிரிட்டேசியஸ் கடலில் சில இனங்கள் திரும்பவும் எளிய கோட்டுக்கே போய்விட்டன. உயிரின் வரலாறு ஏணி ஏறுவது என்று நம்பும் மேடைப் பேச்சாளர்கள் அந்த இனங்களைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

அம்மோனைட் இனங்கள் வேகமாக மாறின. ஒரு இனம் சில லட்சம் ஆண்டுகளோ, மிஞ்சினால் இரண்டொரு பத்து லட்சமோ வாழ்ந்து மறையும். அதற்குள் கடல் கடந்து பரவியும் விடும். அதனால் ஒரு அடுக்கில் எந்த இனம் என்று தெரிந்தால் அந்த அடுக்கு எந்தக் காலம் என்று தெரியும். அடுக்குகளைப் புதைபடிவத்தால் அடையாளம் காணலாம் என்று இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் நில அளவையாளரான வில்லியம் ஸ்மித் கண்டார். 1815இல் அவர் வெளியிட்ட வரைபடம் அதற்குச் சாட்சி. நாட்டிலஸ் அப்படி மாறவில்லை. ஒரே வடிவம் வெகுகாலம் ஓடும், அதனால் காலம் சொல்லாது. அம்மோனைட் தேதி, நாட்டிலஸ் தேதி இல்லாத கடிதம். இந்த வித்தியாசம் கண்ணில் பட்டுவிட்ட ஒருவருக்குப் பொட்டல் மறுபடி பொட்டலாகத் தெரியாது.

கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் சேர்த்த படிவங்களை 1846இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் லண்டனில் வைத்து விவரித்தார். பல இனங்களுக்கு இந்திரன், பிரம்மா, சூரியன், வருணன் என்று நம் தெய்வங்களின் பெயர்களையே வைத்தார். அவற்றில் இந்திரனின் பெயர் தாங்கிய அம்மோனைட் பிறகு மடகாஸ்கரிலும் அன்டார்க்டிகாவிலும் அடையாளம் காணப்பட்டது. அடுத்து வந்த ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தார். நாட்டிலஸ் குடும்பத்தையும் அவரே விவரித்தார். அம்மோனைட்டுகளை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா எடுத்துக்கொண்டு 1860களில் முடித்தார். இமயத்துக்கு அப்பாலிருந்து திரும்பும் வழியில் 1874இல் அவர் லடாக்கில் இறந்தார், நினைவுத்தூண் லேயில் நிற்கிறது. தமிழ்நாட்டில் அவர் பெயரைச் சொல்லும் ஒரு பலகைகூட ஊட்டத்தூர்ச் சாலையில் நிற்க வேண்டாமா?

கல்லக்குடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த ஊருக்கு வைத்த டால்மியாபுரம் என்ற பெயரை எதிர்த்து 1953இல் நடந்த போராட்டம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரைக் கொண்டுவந்த சிமெண்ட் ஆலை எதற்காக அங்கே வந்தது என்பது பலருக்குத் தெரியாது. அடியில் கிடந்தது கிரிட்டேசியஸ் கடலின் பவளமும் பாசியும் கட்டிய சுண்ணாம்புக்கல். அரியலூர் பக்கம் கல்லங்குறிச்சியில் பெருமாள் கோயிலின் சுற்றுவட்டாரச் சுரங்கங்களில் வெட்டுவதும் அதுபோலத்தான்: கிரைஃபியா என்ற சிப்பிகள் அடுக்கடுக்காகக் குவிந்த கல்.

இனி கதையின் கடைசி. கல்லங்குறிச்சி அடுக்குகளில் அம்மோனைட்டுகள் வருகின்றன. அதற்கு மேல் கல்லமேட்டில் கடல் பின்வாங்கி, ஆற்று மணலும் டைனோசர் எலும்பும். அதற்கும் மேல் நின்னியூரில் கடல் திரும்பி வருகிறது, வயது 6.6 கோடி ஆண்டுக்குக் கீழே. அங்கே அம்மோனைட் இல்லை, ஹெர்கோகுளோசா என்ற நாட்டிலஸ் இருக்கிறது. நடுவில் ஆறு குறுக்கிடுவதால் மீசோசோயிக்கை முடித்த பேரழிவை ஒரே கோட்டில் இங்கே தொட்டுக்காட்ட முடியாது. அந்த அழிவைக் கொண்டுவந்த விண்கல் மெக்சிகோவில் விழுந்த நாளின் தடத்தைக் காரையிலேயே தேடுகிறவர் ஏமாறுவார். தேட வேண்டியது கீழே ஒரு சுருள், மேலே வேறொரு சுருள் என்ற மாற்றத்தைத்தான்.

அம்மோனைட் ஏன் போயிற்று, நாட்டிலஸ் ஏன் நின்றது? அம்மோனைட் குஞ்சின் ஓடு ஒரு மில்லிமீட்டர் அளவு; கடலின் மேற்பரப்பில் மிதவை உயிர்களோடு திரிந்திருக்க வேண்டும். விண்கல் கிளப்பிய புழுதியில் சூரியன் மறைந்து அந்த உணவு அற்றபோது முதலில் அடிபட்டது அதுதான் என்பது வலுவான விளக்கம். நாட்டிலஸ் இடுவது சில பெரிய முட்டைகள். ஏறத்தாழ ஓராண்டு கழித்து வெளிவரும் குஞ்சே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருக்கும், ஆழ்நீரில் கிடைத்ததைத் தின்று பிழைக்கும். இதை "வாழும் புதைபடிவம்" என்று எழுதுவது சோம்பேறித்தனம். இன்றைய நாட்டிலஸ் இன்றைய உயிர். மாறாமல் நின்றது ஓட்டின் வடிவம் மட்டும். ஓட்டு வணிகத்தால் இன்று ஆபத்தில் இருப்பதும் அதுவே, 2016இல் அதைப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க நேர்ந்தது.

கடைசியாக, நண்பரிடம் சொல்வதுபோல் சில விஷயங்கள். போவதானால் வடகிழக்கு மழை ஓய்ந்த தை, மாசியில் போகட்டும். மழை களியை அரித்துப் புதிய துண்டுகளை வெளியே தள்ளியிருக்கும், வெயிலும் கடுமையாக இராது. பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று, ஒரு பாட்டில் தண்ணீர் கூடுதலாக. குடிப்பதற்கு மட்டுமல்ல: கல்லின் மேல் கொஞ்சம் ஊற்றினால் உலர்ந்த பரப்பில் தெரியாத தையல்கோடு சட்டென்று எழுந்துவரும். வெயிலில் மின்னும் ஜிப்சம் தகடுகளைப் பார்த்து மயங்கி நேரத்தைக் கரைக்க வேண்டாம். தோட்டா மாதிரிக் கூராக இருப்பது பெலம்னைட், அதுவும் கணவாய் வம்சம். சுருள் கிடைத்தால் எடுத்த இடத்திலேயே படம் பிடித்து, அங்கேயே திரும்ப வைத்துவிடட்டும். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்ற விவரம் போய்விட்டால் அது காலத்தைச் சொல்லாது. திரும்பும் வழியில் சாத்தனூருக்கும் போகலாம், எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் பதிவுசெய்த 18 மீட்டர் நீளக் கல்மரம் அங்கே வேலிக்குள் படுத்திருக்கிறது. அதன் முன் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள், அது இருக்கட்டும். மரம் கரையில் வளர்ந்தது, கிடப்பதோ கடல்படிவில். எப்படி அங்கே வந்தது என்று கூட வந்தவரிடம் ஒரு கேள்வி போட்டால், ஊர் வந்து சேரும்வரை பேச்சுக்குப் பஞ்சமிராது.