துணைவஞ்சிப் பாடல்களும் போர் முடிவும்

புறநானூற்றுப் புலவர் சிலரைப் போரை வெறுத்தோர் எனப் போற்றுதல் வழக்காகியுள்ளது. அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதனை 36, 45, 213 ஆகிய பாடல்கள் கொண்டு ஈண்டு ஆராய்வாம். இவை மூன்றும் வஞ்சித்திணையில் துணைவஞ்சித் துறையின்பாற்பட்டன. தொல்காப்பியர் கூறிய வஞ்சித்துறை 13-இனுள் இப்பெயர் இல்லை. மேற்சென்று பொருதலைக் கூறும் திணையகத்தேயே அதனைத் தடுக்கும் பாட்டிற்கும் துறை வகுத்தோர் இடம் தந்தமை கருதத்தக்கது.

கருவூரை முற்றிய கிள்ளிவளவனை நோக்கி, காவல் மரம் வெட்டுண்ணும் ஓசை கேட்டும் மதிலகத்தே வாளா இருப்பானொடு பொருதல் நாணத்தக்கது என்கின்றார் ஆலத்தூர் கிழார். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உறையூரில் பகைத்து நின்றபோது, இருவர் கண்ணியும் ஆத்தியே. எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே என்கின்றார் கோவூர் கிழார். மக்கள்மேற் சென்ற கோப்பெருஞ்சோழனிடம், அவர் தோற்பின் செல்வத்தை யார்க்கு விட்டுச் செல்வாய், நீ தோற்பின் பழியன்றோ எஞ்சும் என வினவுகின்றார் புல்லாற்றூர் எயிற்றியனார்.

வெல்வாயா என்பது இப்புலவர் வினா அன்று. வென்று பெறுவது யாது என்பதே வினா. வெற்றியையே வேந்தன் காரணமாகக் காட்டும்போது, அவ்வெற்றியையே இவர்கள் அளந்து குறை காண்கின்றனர்.

ஆயின் இவர்தம் அளவுகோல் புகழும் குடியும் தாயமுமேயாம். கொலை தீது என்பதன்று. நலங்கிள்ளியின் போர்த்திறத்தை 31-ஆம் பாட்டில் புகழ்ந்தவரும் கோவூர் கிழாரே. போரின் துயரைச் சுமப்பார் யார் என்னும் வினா இம்மூன்றனுள்ளும் எழவில்லை. ஆவூர் முற்றுகை பற்றிய 44-ஆம் பாட்டில், பாலின்றி அலறும் குழவியும் பூவற்ற கூந்தல் முடிக்கும் மகளிரும் தோன்றுகின்றனர். ஆண்டும் பாட்டு முடிவது, போர் செய்யாதும் கதவு திறவாதும் இருத்தல் நாணுத்தகவுடைத்து என்பதிலேயாம்.

அறிவுரை எப்பொழுதும் பயன்தந்தது எனவும் கூறற்கில்லை. 47-ஆம் பாட்டின் அடிக்குறிப்பு நெடுங்கிள்ளியைக் 'காரியாற்றுத் துஞ்சிய' என அடைகொடுத்துச் சுட்டுகின்றது. அவன் அங்குப் போரில் மாண்டான் என்பது ஆய்வாளர் பலர் கருத்து.

எனவே இவற்றைப் போர்மறுப்புப் பாடல்கள் என்பதினும் போர்முடிவின்மேல் எழுந்த திறனாய்வு என்பதே பொருந்தும். இங்ஙனம் கூறுவது இவற்றின் சிறப்பைக் குறைப்பதன்று. வேந்தன் கொடையால் வாழ்ந்தோர், படை சூழ நின்ற அவனிடமே, நீ கூறும் காரணம் போதாது என உரைத்தனர். அவ்வுரிமையைத் துறையாக்கிப் போற்றியது தமிழ்மரபு என்க.